முற்றத்துக்கு வந்த பள்ளி

நுழையும்முன்

பள்ளியின் கதவைத் திறந்து வைத்துவிட்டால் குழந்தைகள் தாமாகவே வந்துவிடுவர் என்பது பொதுவான எண்ணம். திறந்திருக்கும் கதவைக் கடந்து உள்ளே வர இயலாத குழந்தைகளும் உண்டு. அவர்கள் ஏன் வரவில்லை என்னும் வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொண்டு, விடை தேடி அவர்களின் வீட்டு வாசல்வரை நடந்தவர் தாராபாய் மோடக். இன்று ஊர்தோறும் நாம் காணும் அங்கன்வாடி, அந்த நடையில் பிறந்தது.

உரைநடை உலகம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, பாக் நீரிணையின் கரையை ஒட்டி அமைந்த ஊர் மணமேல்குடி. பாண்டிய மன்னனின் அமைச்சராக விளங்கிய குலச்சிறை நாயனாரின் ஊர் என்று பெரியபுராணம் குறிப்பிடும் மணமேற்குடி இதுவே. கடற்கரைக் குடியிருப்புகளில் பொழுது மிக முன்னதாகவே விடிந்துவிடும். படகுகள் கரை திரும்பும் நேரத்தில் பெண்கள் கூடைகளுடன் கடற்கரைக்கு விரைவர். மீனை வாங்குவதும் பிரிப்பதும் விற்பதும் உலர்த்துவதுமாக அவர்களின் காலைப்பொழுது கழியும். அந்நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தவழும் குழந்தையும் அதைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியுமே.

வெயில் ஏறிய பின், பதிவேட்டைக் கையில் ஏந்திய ஒரு பெண் அத்தகைய வீடு ஒன்றின் வாசலில் வந்து நிற்கிறார். பாட்டி பாயை உதறிப் போடுகிறார். அவர் முற்றத்தில் அமர்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொள்கிறார். குழந்தை நேற்று என்ன உண்டது, சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தந்தார்களா, தடுப்பூசி போட்ட நாள் எது, குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டறிகிறார். கையில் அகப்பட்ட கொட்டாங்கச்சியைத் தட்டி ஒலி எழுப்புகிறார். குழந்தை சிரிக்கிறது. பாட்டியும் அதைப் பார்த்து மற்றொரு கொட்டாங்கச்சியை எடுத்துத் தட்டுகிறார். பாடம் தொடங்கிவிட்டது.

அந்தப் பெண் அங்கன்வாடிப் பணியாளர். ஊர் மக்கள் அவரைப் பால்வாடி டீச்சர் என்று அன்போடு அழைப்பர். அங்குப் பாலும் உணவும் தருவதால் பால்வாடி என்று பெயர் வந்தது எனப் பலரும் எண்ணுவதுண்டு. இச்சொல்லில் உள்ள ‘பால்’ குழந்தையைக் குறிக்கும். நம் ‘பாலர்’ என்னும் சொல்லோடு உறவுடையது. ‘வாடி’ என்பது மராத்தியில் தோட்டத்தையும் சிறு குடியிருப்பையும் குறிக்கும். ‘ஆங்கன்’ என்றால் முற்றம். முற்றத்தில் அமைந்த குழந்தைத் தோட்டமே அங்கன்வாடி. இப்பெயர் மணமேல்குடிக்கு நெடுந்தொலைவில் உள்ள மற்றொரு கடற்கரை ஊரிலிருந்து வந்தது. அரபிக் கடலோரத்தில் உள்ள அவ்வூரின் பெயர் போர்டி. பெயருக்குப் பின்னே ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது.

இளமையும் கல்வியும்

தாராபாய் 1892 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை சதாசிவ பாண்டுரங்க கேள்கர், தாய் உமாபாய். தந்தை, பிரார்த்தனா சமாஜம் என்னும் சீர்திருத்த அமைப்பில் ஈடுபாடு கொண்டவர். பெண் கல்வியை மறுப்பதும் சாதியால் மனிதரைப் பிரிப்பதும் தவறு என்று அவ்வமைப்பினர் கருதினர். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த அக்காலத்தில், தாராபாய் 1914 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

வழக்கறிஞர் ஒருவரை மணந்து அமராவதியில் குடும்பம் நடத்தினார். அம்மண வாழ்க்கை நிலைக்கவில்லை. 1921 இல் கணவரைப் பிரிந்தார். மகள் இன்னும் சிறு குழந்தை. கணவரைப் பிரிந்த பெண்ணை ஊர் எப்படி நோக்கும் என்பதை அக்காலத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாராபாய் தம் கல்வியையே துணையாகக் கொண்டார். குசராத்தில் உள்ள ராஜ்கோட்டில், பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியில் முதல்வர் பொறுப்பேற்றார். மதிப்பும் ஊதியமும் உடைய பணி அது. ஆயினும், அங்கு அவர் நெடுநாள் இருக்கவில்லை. பாவ்நகரில் ஒரு மனிதர் குழந்தைகளுடன் செய்துகொண்டிருந்த புதுமை அவரை ஈர்த்தது.

மீசை வைத்த தாய்

அந்த மனிதர் கிஜுபாய் பதேகா. அவரும் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். தம் மகனின் கல்வியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கி வழக்காடு மன்றத்தையே துறந்தவர். பாவ்நகரில் இருந்த தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிறுவனத்தில் சேர்ந்து, 1920 இல் இளங்குழந்தைகளுக்கென ‘பால மந்திர்’ ஒன்றைத் தொடங்கினார். பிரம்பும் மிரட்டலும் மனப்பாடமும் கல்வியாகக் கருதப்பட்ட காலத்தில், கதையும் பாட்டும் ஆடலும் தோட்டவேலையும் அங்குப் பாடங்களாயின. குழந்தைகள்மீது அவர் கொண்ட பரிவைக் கண்டோர், மீசை வைத்த தாய் என்று அவரை அழைத்தனர்.

தாராபாய் 1923 இல் கல்லூரி முதல்வர் பதவியை விட்டுவிட்டுக் கிஜுபாயுடன் இணைந்தார். பெரியவர்களுக்குக் கற்பித்த ஒருவர், இரண்டரை வயதுக் குழந்தையின் முன் தரையில் அமர்ந்து மீண்டும் கற்கத் தொடங்கினார் என்றே சொல்லவேண்டும். இருவரும் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரியின் முறையைப் பயின்றனர். அதை நம் நாட்டுக் குழந்தைகளின் மொழிக்கும் பழக்கவழக்கங்களுக்கும் ஏற்ப மாற்றியமைத்தனர். 1926 இல் நூதன பால சிட்சண சங்கம் என்னும் அமைப்பு உருவானது. புதிய குழந்தைக் கல்விச் சங்கம் என்பது அதன் பொருள். ‘சிட்சண பத்திரிகா’ என்னும் இதழின் வழியாகக் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பெற்றோருடனும் ஆசிரியருடனும் அவர்கள் தொடர்ந்து உரையாடினர். குழந்தைக்குக் கற்பிக்க வேண்டுமெனில் பெற்றோருடன் பேசவேண்டும் என்னும் கொள்கை, தாராபாயின் பணியில் தொடக்கத்திலேயே வேரூன்றியிருந்தது.

தெரிந்து தெளிவோம்

மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தொடங்கினார். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். முதல் பயிற்சியிலேயே முந்நூறு பேருக்குமேல் பங்கேற்றனர். இரண்டாம் உலகப் போரின் காரணமாக அவரால் உடனே நாடு திரும்ப இயலவில்லை. கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பணியாற்றினார். 1946 இல் ஐரோப்பா திரும்பினார்.

வந்தவர்களும் வராதவர்களும்

தாராபாய் பம்பாய்க்குத் திரும்பி, 1936 இல் தாதர் பகுதியில் ‘சிசு விகார்’ என்னும் குழந்தைப் பள்ளியையும் ஆசிரியர் பயிற்சி நிலையத்தையும் தொடங்கினார். பள்ளி சிறப்பாக வளர்ந்தது. அழகிய மரக்கருவிகள் இருந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தனர். படித்த பெற்றோர் தம் குழந்தைகளை விரும்பிச் சேர்த்தனர்.

இதே இடத்தில் நிறைவு கொண்டு நின்றிருந்தால், சிறந்த பள்ளி ஒன்றை நடத்திய அம்மையார் என்ற பெயரோடு அவர் வாழ்க்கை முடிந்திருக்கும். ஆனால், பள்ளிக்கு வந்தவர்களைக் காட்டிலும் வராதவர்களே அவருடைய சிந்தனையை நிறைத்தனர். மாண்டிசோரியின் முறை ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் பிறந்தது. இந்தியாவுக்கு வந்தபோதோ அது வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே உரியதாகிவிட்டது. வழவழப்பாக இழைத்த மர உருளைகளையும் வண்ணக் கட்டைகளையும் எந்தச் சிற்றூர்ப் பள்ளி வாங்க இயலும்? நாட்டின் பெரும்பாலான குழந்தைகள் சிற்றூர்களில் இருந்தனர். அவர்களைச் சென்றடையாத ஒரு முறையை, நல்ல முறை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

அக்காலத்தில் காந்தியடிகளும் தம் ஆதாரக் கல்வித் திட்டத்தைப் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். தாராபாய் முடிவெடுத்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பதைக் கடந்திருந்தது. நகரத்தில் நிலைபெற்ற பள்ளியை விட்டுச் சிற்றூர் நோக்கிப் புறப்பட்டார்.

போர்டியில் ஒரு பள்ளி

பம்பாய்க்கு வடக்கே, அன்றைய தாணே மாவட்டத்தில் உள்ள போர்டியில் 1945 ஆம் ஆண்டு சிற்றூர்க் குழந்தைக் கல்வி மையம் தொடங்கப்பட்டது. தாராபாய்க்குத் துணையாக வந்தவர் அனுதாய் வாக். 1910 இல் பிறந்த அவர், பதின்மூன்று வயதில் மணம் செய்விக்கப்பட்டுச் சில மாதங்களிலேயே கணவரை இழந்தவர். கைம்பெண் என்று மூலையில் ஒடுங்க மறுத்துப் படித்து ஆசிரியரானவர். வாழ்க்கையின் தொடக்கத்திலேயே அடிபட்டு எழுந்த இரு பெண்கள், பிறர் பெற்ற குழந்தைகளுக்காக ஓர் ஊரில் ஒன்றுசேர்ந்தனர். ஒருவருக்கு ஐம்பத்து மூன்று வயது, மற்றவருக்கு முப்பத்தைந்து.

அந்த ஆண்டும் அந்த நிலப்பகுதியும் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை. போர்டியைச் சூழ்ந்த வட்டாரத்தில் வார்லி என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். நிலவுடைமையாளரிடம் தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாகவும் கூலியின்றி உழைப்போராகவும் இருந்த அவர்கள், 1945 இல் கோதாவரி பருலேகர் முதலியோரின் வழிகாட்டுதலில் அக்கொடுமையை எதிர்த்து எழுந்தனர். தாராபாய் தொடங்கிய பள்ளியைச் சுற்றியிருந்த உலகம் இத்தகையது.

பள்ளி எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது என்று அறிவிக்கப்பட்டது. ஊரின் நடுப்பகுதியிலிருந்து குழந்தைகள் வந்தனர். தீண்டாமைக்கு ஆளான மக்களின் குடியிருப்பிலிருந்து வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் பள்ளி வாயிலில் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய தேவையும் இல்லை. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் நீர் எடுக்கக்கூடாது என்று தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்ட மக்கள், ஒரே நாளில் தம் பிள்ளைகளை எல்லோரும் அமரும் பாயில் எவ்வாறு அமர வைப்பர்? தாயும் தந்தையும் கூலிக்குச் சென்றுவிட்டால் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து வருவோர் யார்? தம்பியையும் தங்கையையும் இடுப்பில் சுமந்துகொண்டு நிற்கும் எட்டு வயதுச் சிறுமி எங்கே போவாள்?

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டு வந்த குழந்தைகளோடு பள்ளியை நடத்தியிருக்கலாம். பலரும் செய்வது அதுவே. தாராபாயும் அனுதாயும் அவ்வாறு செய்யவில்லை. குழந்தை பள்ளிக்கு வர இயலாவிட்டால் பள்ளி குழந்தையிடம் செல்லவேண்டும் என்று துணிந்தனர். ஒதுக்கப்பட்ட அக்குடியிருப்பை நோக்கி நடந்தனர்.

முற்றமே வகுப்பறை

குடிசைகளுக்கு நடுவே இருந்த திறந்த முற்றம் வகுப்பறையாயிற்று. கூரை இல்லை, பலகை இல்லை, சுவரும் இல்லை. சுவர் இல்லாதது நன்மையாகவே முடிந்தது. உள்ளே நடப்பது என்ன என்று அஞ்சுவதற்கு இடமில்லாமல், எல்லாம் எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தன. முற்றத்தைப் பெருக்குவதும் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் நகம் வெட்டுவதும் தலை வாருவதும் முதற்பாடங்களாயின. அதன்பின் பாட்டு, கதை, விளையாட்டு. வேலைக்குப் புறப்படும் தாய் ஒரு கணம் நின்று பார்ப்பாள். வேலையின்றி வீட்டில் இருக்கும் முதியவர் திண்ணையில் அமர்ந்து கதை கேட்பார். குழந்தைக்கு நடக்கும் பாடம் குடும்பம் முழுவதற்கும் நடந்தது.

தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குழந்தையை மடியில் அமர்த்தி, அதன் தலைமுடியின் சிக்கை எடுத்து வாரிவிடும் செயலை, இன்று நாம் எளிதாகப் படித்துச் சென்றுவிடலாம். 1945 இல் அது ஒரு போராட்டம். முழக்கமும் ஊர்வலமும் இல்லாத அப்போராட்டத்தில் சீப்பும் வாளி நீரும் கருவிகளாயின.

இத்தகைய பணியில் ஓர் இடரும் உண்டு. பிறர் வீட்டுக்குள் சென்று கற்பிப்போர், தாம் எல்லாம் அறிந்தவர் என்றும் அவ்வீட்டார் ஏதும் அறியாதவர் என்றும் எண்ணிவிடக்கூடும். அழுக்கைச் சுட்டிக்காட்டித் தாயை நாணச் செய்யும் ஆசிரியருக்கு மறுநாள் அந்த வீட்டின் கதவு திறக்காது. வறுமையால் வந்த குறையைத் தாயின் குற்றமாகப் பேசும் நொடியில் கல்வி அங்கே தோற்றுவிடுகிறது. முற்றத்தில் அமரும் ஆசிரியர் ஒரு வகையில் விருந்தினர். வீடு அவருடையதன்று. வீட்டின் உரிமையாளரிடமிருந்து கற்கும் பணிவு இருந்தால்தான் கற்பிக்கவும் இயலும். தாராபாயும் அனுதாயும் வகுத்த முறையின் உயிர்நிலை இப்பணிவில் இருந்தது. தாயை ஒதுக்கிவிட்டுக் குழந்தையை மீட்பது என்பது அவர்களின் வழியன்று; தாயைத் துணையாகச் சேர்த்துக்கொள்வதே அவர்களின் வழி.

ஊர் தந்த கருவிகள்

கருவிகளும் மாறின. வண்ணக் கட்டைகளுக்குப் பதிலாகக் கூழாங்கற்களும் கிளிஞ்சல்களும் விதைகளும் இலைகளும் வந்தன. பெரியது, சிறியது என்று சிப்பிகளைப் பிரிக்கும் குழந்தை அளவை அறிந்தது. விதைகளை வரிசையாக அடுக்கும் குழந்தை எண்ணைக் கற்றது. சொரசொரப்பான இலையையும் வழவழப்பான இலையையும் தடவிப் பார்த்த விரல்கள் பின்னாளில் எழுத்தை எழுதுவதற்குப் பழகின. பணம் கொடுத்து வாங்க இயலாதவற்றைக் காசின்றிக் கடலும் காடும் கொடுத்தன.

இது சிக்கனத்துக்காக மட்டும் செய்த மாற்றமன்று. விலையுயர்ந்த கருவி பள்ளியின் அலமாரியிலேயே தங்கிவிடும். சிப்பியோ குழந்தையோடு வீட்டுக்குச் செல்லும். பள்ளியில் விளையாடிய விளையாட்டைக் குழந்தை மாலையில் தன் தம்பியோடு விளையாடும். தாயும் அதைச் செய்து பார்க்கலாம். தம் வீட்டில் இருக்கும் பொருள்களாலும் தம் வாயில் இருக்கும் பாட்டாலுமே குழந்தை கற்கிறது என்று காணும் தாய்க்குத் தன்னம்பிக்கை பிறக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவளாக இருப்பினும் அவளே தன் குழந்தையின் முதல் ஆசிரியர் என்னும் உண்மை அவளுக்கு விளங்குகிறது.

மேய்ச்சல் நிலத்தில் ஒரு பள்ளி

கடற்கரை ஊரான போர்டியிலிருந்து இப்பணி 1957 இல் கோஸ்பாட் என்னும் குன்றுப் பகுதிக்கு மாறியது. வார்லி மக்கள் வாழும் பகுதி அது. அங்குச் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. ஐந்தாறு வயதைக் கடந்த சிறுவர்கள் காலையில் மாடு மேய்க்கச் சென்றுவிடுவர். அவர்களின் உழைப்பின்றிக் குடும்பம் நடவாது. மாட்டை விட்டுவிட்டு வா என்று அழைக்கும் பள்ளிக்கு அவர்களால் வர இயலாது. ஆகவே, ஆசிரியர்கள் மேய்ச்சல் நிலத்துக்கே சென்றனர். மாடுகள் ஒருபுறம் மேய, மர நிழலில் பாடம் நடந்தது. மராத்தியில் ‘குரண்சாலா’ என்று வழங்கிய அம்முறைக்கு மேய்ச்சல் நிலப் பள்ளி என்பது பொருள்.

சிறுமியரின் நிலை மற்றொரு வினாவை எழுப்பியது. வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவினுடையது. அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் குழந்தையை யாரிடம் விடுவது? தாராபாய் கண்ட தீர்வு எளிமையானது. கைக்குழந்தைகளுக்கான காப்பகமும் சிறு குழந்தைகளுக்கான பால்வாடியும் பெரிய குழந்தைகளுக்கான தொடக்கப் பள்ளியும் ஒரே வளாகத்தில் அமைக்கப்பட்டன. தங்கையை இடுப்பில் சுமந்தே அக்கா பள்ளிக்கு வரலாம். தங்கை காப்பகத்தில் உறங்க, அக்கா வகுப்பில் படிப்பாள். இவ்வமைப்புக்கு ‘விகாஸ்வாடி’ என்று பெயரிட்டனர். அதாவது, வளர்ச்சித் தோட்டம். பெண் குழந்தைகள் பள்ளியை விட்டு நிற்பதற்குரிய காரணங்களை இன்று ஆராய்வோரும் இத்தீர்வை எண்ணிப் பார்க்கவேண்டும். சிறுமியின் இடுப்பிலிருந்த சுமையைக் கண்டவர்க்கே அதை இறக்கி வைக்கும் வழியும் தோன்றியது.

நாடெங்கும் பரவிய பெயர்

தாராபாயின் தொண்டைப் பாராட்டி 1962 இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1973 ஆகஸ்டு 31 அன்று அவர் இயற்கை எய்தினார். அனுதாய் வாக், 1992 இல் தம் வாழ்வின் இறுதிவரை கோஸ்பாட் பணியைத் தொடர்ந்தார்.

தாராபாய் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்தியாவில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. கருவுற்ற தாய் முதல் ஆறு வயதுக் குழந்தைவரை எல்லோருக்கும் உணவும் உடல்நலமும் முன்பருவக் கல்வியும் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கம். அதற்கென அமைந்த மையங்கள், போர்டியில் இரு பெண்கள் முற்றத்தில் தொடங்கிய முயற்சியின் பெயரையே ஏற்றன. அங்கன்வாடி என்னும் சொல் இவ்வாறு இந்தியாவின் எல்லா மொழிகளுக்கும் சென்றது.

தமிழ்நாட்டிலும் குழந்தைகளின் பசியைத் தீர்க்கும் பணியும் கல்வியும் இணைந்தே வளர்ந்தன. 1982 இல் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டம் சிற்றூர்தோறும் குழந்தைகள் மையங்களை உயிர்ப்புடன் இயங்கச் செய்தது. முற்றத்தைத் தேடிச் செல்லும் கல்வி புதுக்கோட்டை மண்ணுக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் இம்மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கம், கல்குவாரிகளிலும் வயல்வெளிகளிலும் உழைத்த பெண்களைத் தேடிச் சென்று எழுத்தறிவித்தது. அவர்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டு தம் பயணத்தைத் தாமே முடிவு செய்தனர். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட பின், 2021 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் இதே வழியில் அமைந்தது.

மீண்டும் மணமேல்குடியில்

மணமேல்குடிக் கடற்கரையில் நாம் கண்ட முற்றத்துக்குத் திரும்புவோம். சற்று வளர்ந்த குழந்தைகள் மையத்துக்கு வந்துவிடுவர். அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைகள் வீட்டில்தான் வளர்கின்றனர். மனித மூளை மிக விரைவாக வளரும் பருவமும் அதுவே. பேசிக் கேட்டும் கொஞ்சிச் சிரித்தும் தொட்டுப் பார்த்தும் குழந்தை உலகை அறியும் அந்நாள்களில் அதன் பள்ளி வீடே; ஆசிரியர் தாயும் தந்தையும் பாட்டியும் தாத்தாவுமே. எனவே, வீட்டுக்குச் செல்லும் பணியாளரின் நடை, மையத்தில் நடக்கும் பாடத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

அன்று அவர் குழந்தையின் எடையைக் குறித்துக்கொள்கிறார். வளர்ச்சி அட்டையில் புள்ளி சற்றுத் தாழ்ந்திருக்கிறது. மீன் விற்றுத் திரும்பிய தாய் அதைக் கண்டு முகம் வாடுகிறார். பணியாளர் அட்டையை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்த வாரம் மீன் வரத்து எப்படி என்று கேட்கிறார். காற்று சரியில்லாததால் படகுகள் சரியாகச் செல்லவில்லை. கையில் காசு இல்லை. காரணம் தெரிந்துவிட்டது. வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே குழந்தைக்கு என்ன தரலாம் என்று இருவரும் பேசுகின்றனர். முருங்கைக்கீரை கொல்லையில் இருக்கிறது. சத்துமாவு மையத்தில் கிடைக்கும். பாட்டி தம் காலத்துப் பக்குவம் ஒன்றைச் சொல்கிறார். பணியாளர் அதைக் கவனமாகக் கேட்கிறார். புறப்படும்போது தாயின் முகத்தில் வாட்டம் இல்லை. அடுத்த வாரமும் அந்தக் கதவு திறந்திருக்கும்.

செய்தித்தாள்களில் இடம்பெறாத பணி இது. மாலையில் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்படும், அவ்வளவே. ஆனால், ஒரு குழந்தை நன்கு பேசத் தொடங்குவதும் எடை கூடுவதும் பின்னாளில் அச்சமின்றிப் பள்ளிக்குள் நுழைவதும் இத்தகைய ஒரு வரிகளின் தொகுப்பால் நிகழ்கின்றன. வகுப்பறையில் அமர்ந்து இப்பாடத்தைப் படிக்கும் நம்மில் பலருடைய முதல் பாட்டும் முதல் கதையும் அங்கன்வாடியில் கேட்டவையாக இருக்கலாம். நமக்கு அவற்றைச் சொன்னவரின் முகம் நினைவில் இல்லாமலும் இருக்கலாம்.

தாராபாய் மோடக் எழுப்பிய வினா இன்னும் முடிந்துவிடவில்லை. ஒவ்வோர் ஊரிலும் கதவு திறந்திருந்தும் வராத குழந்தை ஒன்று இருக்கிறது. இடம்பெயர்ந்து வந்து செங்கல் சூளையில் உழைப்போரின் குழந்தையாக இருக்கலாம். நடக்க இயலாத குழந்தையாக இருக்கலாம். தம்பியைச் சுமந்து நிற்கும் சிறுமியாகவும் இருக்கலாம். அக்குழந்தை ஏன் வரவில்லை என்று கேட்பவர், அதன் முற்றம்வரை நடந்து சென்றே விடையை அறியவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள அங்கன்வாடி மையத்துக்குச் சென்று, அங்கு ஒரு நாளில் நடைபெறும் பணிகளைக் கண்டறிந்து கட்டுரையாக எழுதுக.

2. உங்கள் வீட்டில் வழங்கும் தாலாட்டு, விளையாட்டுப் பாடல், கதை ஆகியவற்றுள் ஒன்றை மூத்தோரிடம் கேட்டறிந்து, அதன் வழியாகக் குழந்தை எவற்றைக் கற்கிறது என்பதைப் பட்டியலிடுக.

3. உங்கள் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்ற கற்றல் கருவி ஒன்றை உருவாக்கி வகுப்பில் விளக்குக.

4. பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளைத் தேடிப் பள்ளி செல்லவேண்டும் என்னும் கருத்தைப் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.